நிலம் நம்ம கையில் நிற்க: சட்டமும் சங்கமும்



நம்ம கூட்டமைப்பு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நிலத்தைப் பற்றி எழுதுறேன் என்று சொன்னேன். சேமிப்பு, கடன், தொழில் இதெல்லாம்தானே சங்கத்து விஷயம், நிலத்துக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டாங்க. நிறைய சம்பந்தம் இருக்கு. விளைகிற நிலம் கை மாறிப் போகாமலும், கட்டடமாக மாறிப் போகாமலும் இருக்க, அரசாங்கமும் மக்களும் சேர்ந்து பல இடங்களில் பல வழிகளைப் பார்த்திருக்காங்க. நம்ம மலையிலும் அதற்கு ஒரு வரலாறு இருக்கு. அதைப் படிக்கப் படிக்க, வாராவாரம் நாம போடுற சந்தாப் பணமும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான் என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கேன்.

நம்ம மலையும் மேட்டுக்காடும்

கொல்லிமலை சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பு. கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயரம். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் மேலே வரணும். 1996 முடிகிற வரை நாம சேலம் மாவட்டத்துக்காரங்க. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று நம்ம ஊராட்சிகளுக்கெல்லாம் நாடு என்றே பேர். இங்கே பெரும்பாலானவங்க மலையாளி பழங்குடி. பேரைக் கேட்டு வெளியூர்க்காரங்க கேரளத்துக்காரங்க என்று நினைச்சுக்குவாங்க. மலையை ஆளுகிறவங்க என்றுதான் நாம அர்த்தம் சொல்லுவோம்.

பள்ளத்தில் இருக்கிற வயலில் நெல். சரிவில் இருக்கிற மேட்டுக்காட்டில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. இதுதான் நம்ம ஆயா காலத்து விவசாயம். சாமை என்றால் ஒரே சாமை இல்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, திரிகுலச் சாமை என்று இருந்தது. கேழ்வரகில் கருங்குழியான், சட்டைக் கேழ்வரகு, சுண்டாங்கிக் கேழ்வரகு, பெருங்கேழ்வரகு. தினையில் செந்தினை, பெருந்தினை, கொரன் தினை. மழை குறைஞ்ச வருஷத்துக்கு ஒன்று, கல்லு மண்ணுக்கு ஒன்று, சீக்கிரம் விளைய ஒன்று என்று பார்த்துப் பார்த்து விதைச்சாங்க. எந்த விதையை எந்தக் காட்டுக்கு எடுக்கணும், எதை அடுத்த வருஷத்துக்குத் தொம்பையில் வைக்கணும் என்பதைப் பார்த்தது வீட்டுப் பொம்பளைங்கதான்.

நிலம் எப்படிப் போகுது

சந்தோஷமா யாரும் நிலத்தை விற்கிறதில்லை. நிலம் போற வழி எல்லாருக்கும் தெரிஞ்ச வழிதான். ஆஸ்பத்திரிச் செலவு வரும், பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், வீட்டில் கல்யாணம் வரும், இல்லாட்டி மழை ஏமாத்திடும். கையில் காசு இருக்காது. உடனே காசு தர ஒருத்தர் இருப்பார். அவருக்குக் காட்டைப் போக்கியத்துக்கு எழுதிக் கொடுப்போம். மூணு வருஷத்தில் திருப்பிடலாம் என்று நினைப்போம். மூணு ஆறாகும். கடைசியில் நம்ம காட்டிலேயே நாம கூலிக்குப் போவோம்.

இதோடு பயிரும் மாறியது. சேலம் பக்கம் 1940களில் சவ்வரிசித் தொழில் ஆரம்பிச்சது. ஆலைகள் பெருகப் பெருக குச்சிக்கிழங்குக்குத் தேவை அதிகமாச்சு. மலைக்குச் சாலை நல்லா ஆனபிறகு லாரி காட்டு ஓரம் வரை வந்து கிழங்கை ஏத்திக்கிட்டுப் போச்சு. கிழங்கு மொத்தமாகக் காசு கொடுத்தது, அதை மறுக்க முடியாது. வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைச்சது எல்லாம் பல பேருக்குக் கிழங்குப் பணம்தான். ஆனால் கிழங்கு பத்து மாசம் காட்டைப் பிடிச்சுக்கும். சரிவில் மண்ணைக் கிளறிப் பிடுங்குறதால மழைக்கு மேல்மண் அடிச்சுக்கிட்டுப் போகும். முன்பணம் வாங்கினவங்க, கொடுத்தவர் சொல்ற விலைக்குத்தான் கிழங்கைப் போடணும். விலை விழுந்த வருஷம் கடன் நிக்கும். சாமை போட்ட காலத்தில் வீட்டில் காசு இல்லாட்டியும் சோறு இருந்தது. கிழங்கு விலை விழுந்தால் இரண்டும் இல்லை.

மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் பாக்சைட் வெட்டின காலமும் உண்டு. அந்த ஆலை 2008இல் நின்றது. மேல்மண்ணை எடுத்த இடத்தில் திரும்ப விவசாயம் கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். இப்போ சுற்றுலா வந்திருக்கு. ஆகாய கங்கையும் அறப்பளீஸ்வரர் கோயிலும் பார்க்க வர்றவங்களுக்குத் தங்கும் விடுதி வேணும். காடு சென்ட் கணக்கில் விலை பேசப்படுது. சாமை விளையும் காட்டுக்கு ஒரு விலை, அதே காட்டில் கட்டடம் கட்டினால் இன்னொரு விலை. இந்த இரண்டு விலைக்கும் நடுவில்தான் உலகம் முழுக்க விளைநிலம் மாட்டிக்கிட்டு இருக்கு.

பழங்குடி நிலத்துக்கு வந்த சட்டங்கள்

கடனுக்கு நிலம் போற கதை நம்ம மலையில் மட்டும் நடந்ததில்லை. இப்போது ஜார்க்கண்ட் என்று சொல்ற பகுதியில் 1899-1900இல் பிர்சா முண்டா தலைமையில் முண்டா மக்கள் எழுந்தாங்க. நிலம் வெளியார் கைக்குப் போனதுதான் அதற்குப் பெரிய காரணம். அதற்குப் பிறகு 1908இல் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதை அது தடுத்தது.

நம்ம சென்னை மாகாணத்திலும் 1917இல் ஒரு சட்டம் போட்டாங்க. மாகாணத்தின் வடக்கே, இன்றைய ஆந்திரா, ஒடிசா பக்கம் இருந்த ஏஜென்சி மலைகளுக்கு அந்தச் சட்டம். மலைவாசி நிலத்தை, அரசு அதிகாரி அனுமதி இல்லாமல், மலைவாசி அல்லாதவருக்கு எழுதிக் கொடுத்தால் செல்லாது என்று அது சொல்லியது. சேலம் ஜில்லா மலைகளுக்கு அந்தச் சட்டம் வரவில்லை. வடக்கே இருந்த அந்த மலைகள் ஆந்திராவுக்குப் போனபிறகு, 1959இல் அங்கே புதிய ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1970இல் அதை இன்னும் இறுக்கி, பட்டியல் பகுதியில் இருக்கிற நிலம் பழங்குடிக்கு மட்டும்தான் மாறலாம் என்று ஆக்கினாங்க.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வருகிற பட்டியல் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் ஆந்திராவில் இருக்கிற மாதிரி சட்டம் நமக்கு இல்லை. நமக்கு இருப்பது வருவாய் வாரிய நிலையாணை 15-40. மலையாளி, சோளகர் பழங்குடிகளுக்கு அரசாங்கம் ஒப்படைப்பு செய்த நிலத்தை வெளியாருக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். இது சட்டசபையில் போட்ட சட்டம் இல்லை, வருவாய்த் துறையின் நிலையாணை. அரசாங்கம் ஒப்படைத்த நிலத்துக்குத்தான் இது பேசுது. அதனால் நம்ம வீட்டுப் பட்டா எந்த வகை, அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கு என்று தெரிஞ்சு வைச்சிருப்பது ரொம்ப முக்கியம். பீரோவுக்குள் பத்திரமா வைச்சிருக்கோம் என்று சொல்லுவோம். அதை ஒரு தடவையாவது எடுத்துப் படிச்சிருக்கோமா?

இரண்டு பேர் பெயரிலும் பட்டா

பொம்பளைங்களுக்கு ரொம்பப் பயன்படுகிற சட்டம் 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி இருந்து வன நிலத்தில் விவசாயம் செய்துகிட்டு இருக்கிற பழங்குடிக் குடும்பத்துக்கு, 4 ஹெக்டேருக்கு மேல் போகாமல், அவங்க உழுகிற நிலத்துக்கு உரிமை கொடுக்கும் சட்டம் இது. இதில் இரண்டு விஷயத்தை நாம மனசில் வைச்சுக்கணும்.

முதலாவது, இந்த நிலத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் விற்கவும் மாற்றவும் முடியாது. இரண்டாவது, கல்யாணம் ஆனவங்களுக்குக் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துத்தான் உரிமைப் பத்திரம் கொடுக்கணும். குடும்பத்துக்குப் பொம்பளை ஒருத்தியே தலைவி என்றால் அவள் பெயரில் கொடுக்கணும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குத் தானாகப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கு. 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று திருத்தம் வந்தப்போ கீழ்நாட்டுப் பொம்பளைங்க சந்தோஷப்பட்டாங்க. அந்தத் திருத்தமும் அதே சட்டத்துக்குள் வந்ததால் அது நம்மளைத் தானாக வந்து சேரவில்லை. அதனால் உரிமைப் பத்திரத்திலேயே நம்ம பெயர் எழுதப்படுவது நமக்குப் பெரிய பிடிமானம்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் ரொம்பத் தாமதமாச்சு. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த இடைக்கால உத்தரவால், மனுக்களை வாங்கிப் பரிசீலிச்சாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைப் பத்திரம் கொடுக்க முடியவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கினபிறகுதான் வழி திறந்தது. எட்டு வருஷம் என்பது ஒரு பிள்ளை ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்து எட்டாவது முடிக்கிற காலம்.

மனுவை முதலில் பார்ப்பது கிராம சபை. அது அமைக்கிற வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்கணும். கூட்டத்துக்கு வந்தவங்களிலும் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்கணும். நாம போகாவிட்டால் அந்தக் கூட்டமே சட்டப்படி நிறையாது.

அமெரிக்காவில் இரண்டு பெண்கள் தொடங்கியது

இதுவரை சொன்னது விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்துகிற சட்டம். நிலத்துக்காரருக்குக் காசு கொடுத்து, அவர் சம்மதத்தோடு நிலத்தைக் காக்கிற வழி ஒன்றும் உலகத்தில் இருக்கு. அது அமெரிக்காவில் பெரிசா வளர்ந்தது.

கலிபோர்னியாவில் மாரின் என்று ஒரு மாவட்டம். சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குப் பக்கம். பால் மாட்டுப் பண்ணைகள் நிறைந்த ஊர். நகரம் வளர வளர, பண்ணை நிலத்துக்கு வீட்டு மனை விலை வந்தது. 1980இல் எலன் ஸ்ட்ராஸ், ஃபில்லிஸ் ஃபேபர் என்று இரண்டு பெண்கள் சேர்ந்து மாரின் விவசாய நில அறக்கட்டளையைத் தொடங்கினாங்க. எலன் மாடு வளர்த்துப் பால் விற்கிற குடும்பத்துப் பெண். ஃபில்லிஸ் உயிரியல் படிச்சவர். விவசாய நிலத்தைக் காக்க அந்த நாட்டில் உண்டான முதல் அறக்கட்டளை இது.

அவங்க முறையை நம்ம கணக்கில் சொல்றேன். ஒரு காடு மனையாக விற்றால் பத்து லட்சம், விவசாயத்துக்கு மட்டும் என்றால் ஆறு லட்சம் என்று வைச்சுக்குவோம். வித்தியாசம் நாலு லட்சம். அந்த நாலு லட்சத்தை அறக்கட்டளை நிலத்துக்காரருக்குக் கொடுக்கும். பதிலுக்கு அவர், இந்த நிலத்தில் இனி மனை போட மாட்டேன் என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்வார். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். அவரே உழலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் யார் வாங்கினாலும் அந்தப் பத்திரம் நிலத்தோடு போகும். கட்டடம் கட்ட முடியாது. பத்திரத்தில் எழுதினபடி நடக்குதா என்று அறக்கட்டளை வருஷா வருஷம் போய்ப் பார்க்கும்.

இதற்குப் பணம் எங்கே இருந்து வந்தது? 1988இல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட அரசுக் கடன் பத்திரத்தில் இருந்து மாரின் பண்ணைகளுக்கு 1.5 கோடி டாலர் கிடைச்சது. பிறகு 1996இல் அந்த நாட்டு மத்திய அரசு விவசாயச் சட்டத்திலேயே இதற்கு ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2014 முதல் வேறு பெயரில் நடக்குது. பொதுவாக அந்த உரிமையின் மதிப்பில் பாதி வரை மத்திய அரசு போடும், மீதியை மாநிலமோ, மாவட்டமோ, அறக்கட்டளையோ திரட்டணும். மாரினில் மட்டும் 50,000 ஏக்கருக்கு மேல் இப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கு.

நம்ம நாட்டிலும் 1882ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கு. அடுத்தவர் காட்டு வழியாக நடக்கிற உரிமை, வாய்க்கால் தண்ணி வருகிற உரிமை இதெல்லாம் அதில் வரும். காட்டு வழிக்கும் வாய்க்காலுக்கும் சண்டை வந்தால் கோர்ட்டில் பேசுவது அந்தச் சட்டம்தான். விவசாயத்தைக் காக்க நிலத்துக்காரருக்குக் காசு கொடுத்துப் பத்திரம் எழுதுகிற மாரின் முறை அதில் இல்லை. ஆனால் அந்த யோசனையில் பாதியை நம்ம பக்கத்து மாநிலம் வேறு விதமாகச் செய்து பார்த்திருக்கு.

கேரளாவும் டெல்டாவும்

கேரளாவில் 2008இல் நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை மண் போட்டு மூடி வீடு கட்டக் கூடாது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஊராட்சித் தலைவர், விவசாய அதிகாரி, விவசாயிகள் சேர்ந்த குழு ஒன்று இதைக் கண்காணிக்கும். ஆனால் சட்டம் போட்டும் வயல் சும்மா தரிசாகக் கிடந்தால் என்ன லாபம்? அதனால் 2020இல் நெல்வயலைக் காத்து வைச்சிருக்கிற உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பிச்சாங்க. தொகை சின்னதுதான். ஆனால் வயல் தண்ணியைப் பிடிச்சு வைக்குது, ஊருக்கே நல்லது செய்யுது, அதற்கு ஊர் காசு கொடுக்கணும் என்பதை அரசாங்கம் ஒத்துக்கிட்டது. அதே மாநிலத்தில் 1998இல் தொடங்கின குடும்பஸ்ரீ பெண்கள், குழுவாகச் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் போடுறாங்க.

தமிழ்நாட்டில் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்த அறிவிப்பை அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி சொன்னது நம்ம பக்கத்துச் சேலம் மாவட்டம் தலைவாசலில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் அதில் வந்தன. அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது. தோல் பதனிடும் ஆலை, தாமிர உருக்காலை, அலுமினிய உருக்காலை போன்றவை வரக் கூடாது. முன்பே இருந்த வேலைகளை அது தொடவில்லை. டெல்டாவுக்குச் சோறு போடுகிற மண் என்று பெயர் இருக்கு, போராட்டமும் நடந்தது, அதனால் சட்டம் வந்தது. நம்ம மாதிரி மலை மேட்டுக்காட்டுக்கு அப்படி ஒரு மண்டலம் இன்னும் வரவில்லை.

உலக்கையில் இருந்து மில்லுக்கு

சட்டம் நிலத்தை விற்காமல் தடுக்கலாம். ஆனால் நிலம் சோறும் காசும் கொடுக்காவிட்டால், பத்திரத்தில் நம்ம பெயர் இருந்தும் காடு முள்ளுதான் முளைக்கும். இதை நம்ம மலையின் சாமைக் கதையில் நல்லாப் பார்க்கலாம்.

சாமை குறைஞ்சதுக்குக் கிழங்கு மட்டும் காரணம் இல்லை. ரேஷன் அரிசி வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஆம்பளைங்க அதிகம் பேச மாட்டாங்க. சாமை உமி நீக்குவது எவ்வளவு பாடு! காட்டு வேலை முடிச்சு வந்து, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைச்சு, திரும்பக் குத்தி, ஒரு வேளைச் சோறாக்கவே தோள்பட்டை விட்டுப் போகும். ரேஷன் அரிசி என்றால் களைஞ்சு உலையில் போட்டால் போதும். நம்ம பொம்பளைங்க சாமையை விட்டதுக்கு அவங்களைக் குறை சொல்ல முடியாது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம்ம மலையில் வேலை செய்ய ஆரம்பிச்சது. சிறுதானிய ரகங்கள் அழியாமல் இருக்க என்ன செய்யணும் என்று பார்க்க வந்தவங்களுக்கு, பொம்பளைங்க உலக்கை பிடிக்கிற கஷ்டம் தீராமல் சாமை திரும்ப வராது என்று புரிஞ்சது. ஊருக்குள் உமி நீக்கும் மில்லும் மாவு மில்லும் வைச்சு, அதைக் குழுக்கள் கையில் நடத்தக் கொடுத்தாங்க. கிராம விதை வங்கி வைச்சாங்க. விதை இல்லாதவங்க ஒரு வள்ளம் விதை வாங்கிப் போட்டு, அறுப்பு முடிஞ்சதும் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தரணும். கையால் தூவுகிறதுக்குப் பதிலா வரிசையில் விதைச்சுப் பார்த்தாங்க. சாமை அரிசியும், தினை மாவும், கேழ்வரகு மால்ட்டும் பாக்கெட்டில் போட்டு விற்கக் குழுப் பெண்கள் கத்துக்கிட்டாங்க. விளைவிக்கிறவங்க சேர்ந்து கொல்லிமலை வேளாண் பல்லுயிர் பாதுகாவலர் கூட்டமைப்பு என்ற ஒன்றும் உண்டாச்சு. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவிச்சது. அதற்குப் பல வருஷம் முன்பே நம்ம ஊர் உமி மில்லில் அந்த வேலை நடந்துகிட்டு இருந்தது.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் தக்காண வளர்ச்சிச் சங்கம் என்று 1983இல் தொடங்கினது ஒன்று இருக்கு. பெரும்பாலும் தலித் பெண்களின் சங்கங்கள். 1990களின் நடுவில் மத்திய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகப் பண உதவியோடு ஒரு வேலை செய்தாங்க. தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்திச் சோளம் போட நிலத்துக்காரருக்குக் கடன் கொடுத்தாங்க. கடனைக் காசாகக் கேட்கவில்லை, சில வருஷத்தில் சோளமாகத் திருப்பி வாங்கினாங்க. அந்தச் சோளத்தை ஊரிலேயே சேர்த்து வைச்சு, ஏழை வீடுகளுக்குக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தாங்க. எந்த வீடு ஏழை வீடு என்று முடிவு செய்ததும் ஊர்தான். நிலம் திருந்தியது, சோறு கிடைச்சது, நிர்வாகம் பொம்பளைங்க கையில் இருந்தது.

சங்கத்தின் இடம்

இப்போது நம்ம கதைக்கு வர்றேன். தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சது. அடுத்து சேலம் உட்பட சில மாவட்டங்களுக்கு வந்தது. அப்போ நாமும் சேலத்தில்தான் இருந்தோம். 1997இல் மகளிர் திட்டம் ஆரம்பிச்சு, பிறகு மாநிலம் முழுக்கப் போச்சு. சேமிப்புக்கும் சிறுதொழிலுக்கும் வந்த திட்டம் என்றுதான் எல்லாரும் எழுதுவாங்க.

விற்க முடியாத நிலத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு. அதை அடமானம் வைக்க முடியாது, அதனால் அதை நம்பி பேங்க் கடன் தராது. சட்டம் நிலத்தைக் கட்டி வைக்குது, ஆனால் ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சட்டம் காசு தராது. அந்த ராத்திரியில்தான் வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து விழும். பதிவு ஆகாத போக்கியம், வாய்ப் பேச்சுக் குத்தகை எல்லாம் அப்படி வருவதுதான். காகிதத்தில் நிலம் நம்ம பெயரில் இருக்கும், அறுப்பு வேறு ஆளுக்குப் போகும்.

எங்க ஊரில் ஒரு குடும்பம் ஆபரேஷன் செலவுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காட்டைப் போக்கியத்துக்கு விட்டிருந்தது. ஐந்து வருஷம் மீட்க முடியவில்லை. அந்தம்மா எங்க குழுவில்தான் இருந்தாங்க. உள்கடன் வாங்கினால் பழைய கடன் பாக்கி இருக்கே என்று கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் பேச்சோடு பேச்சா வெளியே வந்தது. தவணையை மாற்றித் தீர்மானம் போட்டு, உள்கடனும் சங்கக் கடனும் சேர்த்துக் கொடுத்தோம். காடு திரும்ப வந்தது. முதல் வருஷம் அதில் சாமையும் ஓரத்தில் அவரையும் போட்டாங்க. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இன்னும் மூணு பேர் தங்களுடைய போக்கியத்தைப் பற்றி வாயைத் திறந்தாங்க.

அமெரிக்காவில் அறக்கட்டளை வித்தியாசப் பணத்தைக் கொடுத்து நிலத்தைக் காக்குது. இங்கே அவசரப் பணத்தைக் கொடுத்து நிலத்தைக் காக்கிறது நம்ம குழு. தொகை சின்னது, பத்திரம் இல்லை. ஆனால் வேலை அதே வேலைதான்.

இதற்கு மறுத்துப் பேசுகிறவங்களும் இருக்காங்க. காட்டை வைச்சு என்ன பண்றது, விற்றுப் பிள்ளையைப் படிக்க வைச்சால் அவன் டவுனில் பிழைச்சுக்குவான் என்பாங்க. அந்தக் கவலை நியாயமானது. நான் சொல்வதெல்லாம், விற்பதா வேண்டாமா என்பதைக் கடன்காரர் தீர்மானிக்கக் கூடாது, வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கணும். அதற்கு இரண்டு பேர் பெயரும் பத்திரத்தில் இருக்கணும், கையில் கொஞ்சம் மூச்சு விட நேரமும் இருக்கணும்.

அதனால் நம்ம கூட்டமைப்பு செய்யலாம் என்று நினைப்பதைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் ஒரு கூட்டத்தை நிலத்துக்காக ஒதுக்கணும். பட்டா, சிட்டா, வன உரிமைப் பத்திரம் எதுவானாலும் எடுத்து வந்து, யார் பெயரில் இருக்கு, என்ன நிபந்தனை என்று படிச்சுத் தீர்மான நோட்டில் எழுதணும். போக்கியத்தில் இருக்கிற காட்டைக் கணக்கெடுத்து, மீட்பதற்கு என்று தனிக் கடன் ஒன்று கூட்டமைப்பில் வைக்கணும். வன உரிமை மனு நிலுவையில் இருக்கிறவங்க கிராம சபையில் கேட்கணும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு கிராம சபை இருக்கு. டெல்டாவுக்குக் கிடைச்ச மாதிரிப் பாதுகாப்பும், கேரளாவில் கொடுக்கிற மாதிரி ஊக்கத்தொகையும் சாமை போடுகிற மேட்டுக்காட்டுக்கு வேணும் என்று அந்தச் சபைகளில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். 14 ஊராட்சியில் இருந்தும் ஒரே தீர்மானம் போனால் யாராவது ஒருத்தர் படிச்சுத்தானே ஆகணும்.

அடுத்த கிராம சபைக்கு வரும்போது பத்திர நகலைக் கையோடு எடுத்துட்டு வாங்க. படிக்கத் தெரியாதவங்க கூச்சப்பட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து படிச்சுச் சொல்ல நாங்க இருக்கோம்.